எல்க் வேட்டை: எந்தச் சன்னம், எந்த இடத்தில் வெடி?

கொப்பாங்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நோர்வேயில் ஒஸ்தர்டாலன் பக்கம் இருக்கிறேன். வேட்டைக்காரர் பரீட்சை பாஸ் பண்ணியாகிவிட்டது. செப்டம்பர் 25 எல்க் (இங்கத்தைய மிகப் பெரிய மான்) சீசன் தொடங்கும்போது ஊர்க் குழுவில் எனக்கும் ஒரு நிலை, அதாவது காத்து நின்று சுடும் இடம், தருகிறார்கள். கையில் இருப்பது .308 கலிபர் திக்கா துவக்கு. பெருமிருகச் சுடுதேர்வுக்குத் தயாராகிறேன்: முதலில் 30 பயிற்சி வெடி, பிறகு 100 மீட்டரில் 5 வெடி, ஐந்தும் 30 செ.மீ வளையத்துக்குள் விழ வேண்டும்.

குழப்பம் இரண்டு. குழுவில் உள்ள வயதானவர்கள் "முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால், உடம்பின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வை, சுவாசப்பை போதும்" என்கிறார்கள். யூடியூப்பில் அமெரிக்கர்கள் எல்லாம் தோள்பட்டையின் மேற்பகுதியில் அடித்தால் நின்ற இடத்திலேயே விழும் என்கிறார்கள். இரண்டாவது, கடைக்காரர் முழுச் செம்புச் சன்னம் (குண்டு) வாங்கச் சொல்கிறார், குழுத் தலைவர் உறையோடு ஒட்டிய ஈயச் சன்னத்தை விட்டு அசையமாட்டேன் என்கிறார். வன்னியில் மரை பார்த்து வளர்ந்த கண்ணுக்கு எல்க் காளை ஒரு மலை. 400 கிலோ, சிலவேளை 500. இதற்கு .308 போதுமா என்ற பயமும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எல்வெரும்_சிவம் எழுதியது:

தம்பி, கலிபர் பயத்தை முதலில் விடுங்கள். இந்த நாட்டு எல்க்கில் பெரும்பங்கு 6.5×55, .308, .30-06 என்ற மூன்றால்தான் பல தலைமுறையாக விழுந்திருக்கிறது. 6.5×55 என்பது 1894-இல் நோர்வேயும் சுவீடனும் சேர்ந்து ராணுவத்துக்காக எடுத்த தோட்டா. அதில் 10.1 கிராம் நீளச் சன்னம் போட்டு இன்றைக்கும் கிழவர்கள் எல்க் அடிக்கிறார்கள்.

சட்டத்தின் கணக்கைப் பாருங்கள். சன்னம் விரியும் வகையாக இருக்க வேண்டும், எடை 9 கிராமுக்குக் குறையக் கூடாது. 9 முதல் 10 கிராம் வரை என்றால் 100 மீட்டரில் 2700 ஜூல் வேண்டும். 10 கிராமும் அதற்கு மேலும் என்றால் 2200 ஜூல் போதும். 10.1 கிராம் சன்னம் 2200 ஜூலைத் தொட 100 மீட்டரில் நொடிக்கு 660 மீட்டர் வேகம் இருந்தால் சரி, 6.5 அதைச் செய்துவிடும். அதே துவக்கில் 9 கிராம் போட்டால் 775 மீட்டர் வேகம் கேட்கும், அதை எட்டுவது கடினம். அதனால்தான் இங்கே 6.5 வைத்திருப்பவர்கள் பலரும் 156 கிரெயின், அதாவது அந்த 10.1 கிராம் சன்னம், வாங்குகிறார்கள். உங்கள் .308-இல் 11.7 கிராம் போட்டால் 100 மீட்டரில் ஏறக்குறைய 3000 ஜூல். சட்டம் கேட்பதற்கு மேல் தாராளமாக இருக்கிறது.

ஜூல் என்பது சட்டத்துக்கு ஒரு வேலி. மிருகத்தைக் கொல்வது சன்னம் வெட்டிப் போகிற பாதை. அந்தப் பாதை இரண்டு சுவாசப்பையையும் கடந்து மற்றப் பக்கம் வெளியே வந்தால் காளையோ பசுவோ அதிக தூரம் போகாது. உங்கள் குழுவில் சொன்ன இடம் சரியான இடம். முன்னங்காலின் பின்விளிம்பை மேலே நீட்டிப் பாருங்கள், நெஞ்சின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நில்லுங்கள். இதயத்தின் மேல் குழாய்களும் சுவாசப்பையின் தடித்த பகுதியும் அங்கே இருக்கின்றன. நாலு விரல் முன்னே போனாலும் பின்னே போனாலும் மேலே போனாலும் அது சாவு வெடிதான். வேறு எந்த இடத்திலும் இவ்வளவு தாராளம் கிடைக்காது.

அல்பேர்ட்டா_ராசன் எழுதியது:

> வேறு எந்த இடத்திலும் இவ்வளவு தாராளம் கிடைக்காது

சிவம் அண்ணை, மரியாதையோடு மறுக்கிறேன். உங்கள் எல்க்கை இங்கே கனடாவில் மூஸ் என்போம். வட அல்பேர்ட்டாவில் அது நிற்கிற இடம் சதுப்பு. சுவாசப்பையில் அடித்தால் சாகும், உண்மை. ஆனால் சாவதற்கு முன் 80 மீட்டர் போய் இடுப்பளவு தண்ணீரில் விழும். 450 கிலோ மிருகத்தைத் தண்ணீருக்குள் நின்று உரித்துப் பாருங்கள், பிறகு தோள் வெடியைப் பற்றிப் பேசுவோம். நான் தோள்பட்டையின் மேல் பாதியில் வைக்கிறேன். இரண்டு சப்பை எலும்பும் உடைகிறது, முதுகுத்தண்டும் அதிர்கிறது, முன்பக்கம் மடங்கி அங்கேயே கிடக்கும். இறைச்சி கொஞ்சம் போகும். அதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

எல்வெரும்_சிவம் எழுதியது:

ராசன், தண்ணீர்ப் பிரச்சினை எனக்கு விளங்குகிறது, இங்கேயும் சதுப்பு உண்டு. ஆனால் புதிதாக வருகிற தம்பிக்கு அந்த இடத்தைச் சொல்லக் கூடாது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை விரிவாகவே எழுதுகிறேன்.

எல்க்கின் முன்தோளுக்கு மேல் திமில் போல எழும்பி நிற்கிறதே, அதற்குள் இருப்பது முதுகெலும்பின் முள்ளுகள். ஒவ்வொரு எலும்பிலிருந்தும் மேல்நோக்கி நீளமாக ஓடுகிற தட்டை எலும்புகள். அதனால் முதுகுத்தண்டு நாம் நினைப்பதைவிட நன்றாகக் கீழே ஓடுகிறது. வெளியிலிருந்து முதுகுக் கோட்டைப் பார்த்து அளவிட்டு "மேல் தோள்" என்று வைக்கிறவரின் சன்னம் தண்டுக்கு மேலே அந்த முள்ளில் படும். என்ன நடக்கும் தெரியுமா? மிருகம் இடி விழுந்த மாதிரி விழும். எல்லாரும் "விழுந்தது!" என்று ரேடியோவில் சொல்லுவார்கள். அரை நிமிடத்தில் தலையைத் தூக்கும், எழும்பும், காட்டுக்குள் போய்விடும். தண்டு அதிர்ந்ததே தவிர அறுபடவில்லை. இரத்தமும் கிட்டத்தட்ட இராது. எங்கள் குழுவில் ஒரு காளை இப்படிப் போய், நாய் பின்னேரம் வரை தேடியது.

நின்ற இடத்திலேயே சட்டென்று விழுகிற எல்க் மேல் எனக்கு நம்பிக்கை குறைவு. விழுந்தாலும் துவக்கைக் கீழே வைக்காமல், உடனே மறுசன்னம் ஏற்றிக் குறியிலேயே நிற்க வேண்டும்.

நாமக்கல்_கால்நடை எழுதியது:

நான் வேட்டைக்காரன் இல்லை, மாட்டு மருத்துவன். இங்கே இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை. ஆனாலும் இது அசைபோடும் விலங்கின் உடற்கூறு, அதனால் இரண்டு விஷயம் சொல்லலாம் என்று தோன்றியது.

ஒன்று, சிவம் சார் சொன்ன முள்ளெலும்பு சரி. மாட்டிலும் திமிலுக்கடியில் அதே அமைப்புதான், மூஸில் இன்னும் நீளம். விழுந்து எழுவது தண்டுவடத்துக்கு வந்த தற்காலிக அதிர்ச்சி. தண்டு அறுந்திருந்தால் எழாது.

இரண்டாவது, நுரையீரலில் பட்ட விலங்கு ஏன் ஓடுகிறது என்பது. இதயமே கிழிந்தாலும் மூளையில் ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிஜன் சில நொடிகளுக்குப் போதும், அந்த நொடிகளில் தசை முழு வேகத்தில் வேலை செய்யும். உடல் பெரிதாகப் பெரிதாக இரத்தமும் அதிகம், ரத்த அழுத்தம் விழ எடுக்கும் நேரமும் அதிகம். சிறிய ரோ மான் 20 மீட்டரில் விழும் அடிக்கு மூஸ் 60, 100 மீட்டர் போவது இயற்கை. அதைத் தோட்டாவின் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று. பலர் "அதிர்ச்சி அலை" கொல்கிறது என்கிறார்கள். நுரையீரல் காற்று நிரம்பிய, இழுத்தால் நீளும் திசு. குண்டு போகும்போது விரிந்துவிட்டுத் திரும்பிச் சுருங்கும். அங்கே வேலை செய்வது வெட்டுதான், விரிந்த குண்டின் விளிம்பும் அது உடைத்த விலா எலும்பின் துண்டுகளும். கல்லீரல் அப்படி இல்லை, நீளாது, பிளந்துவிடும். அதனால் ஒரே குண்டு இரண்டு உறுப்பில் இரண்டு விதமாகத் தெரியும்.

கோத்தகிரி_ராம் எழுதியது:

இதெல்லாம் எதற்கு? ஆப்பிரிக்காவில் வேட்டையாடிய கரமோஜோ பெல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர், அதில் பெரும்பகுதி .275 ரிக்பியில். அதாவது 7×57. இத்தனூண்டு தோட்டா. யானைக்கே அது போதும் என்றால் மூஸுக்கு என்ன கவலை? இடம்தான் முக்கியம், குண்டு எதுவாக இருந்தாலும் சரி.

அல்பேர்ட்டா_ராசன் எழுதியது:

ராம் சார், பெல் கதை எல்லாத் துப்பாக்கி விவாதத்திலும் வரும், ஆனால் பாதிதான் சொல்லுவார்கள். அவர் போட்டது 173 கிரெயின் விரியாத கெட்டிக் குண்டு. குறி வைத்தது மூளைக்கு. அதற்காக யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து, எந்தக் கோணத்திலிருந்து மூளை எங்கே இருக்கும் என்று படித்தவர். "குண்டு எதுவாக இருந்தாலும் சரி" என்று அவர் நடக்கவில்லை. விரியும் குண்டு போட்டிருந்தால் அந்த மண்டையோட்டில் பாதி வழியிலேயே நின்றிருக்கும்.

மூஸில் நேர் எதிர். நாம் நெஞ்சில் அடிக்கிறோம், அங்கே கெட்டிக் குண்டு போட்டால் பேனா நுழைகிற ஓட்டை போட்டுவிட்டு வெளியே போய்விடும். அதனால்தான் நோர்வே சட்டம் விரியும் சன்னம் என்று கேட்கிறது.

குண்டு முக்கியம் என்பதற்கு மூஸிலேயே ஒரு கதை இருக்கிறது. 1946-இல் ஜான் நோஸ்லர் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் பிரிட்டிஷ் கொலம்பியாவில் .300 ஹெச் அண்ட் ஹெச் மேக்னம் என்ற வேகமான தோட்டாவோடு ஒரு காளையைக் கிட்டத்தில் சுட்டார். சேறு காய்ந்து ஒட்டிய தோளில் பட்ட குண்டுகள் உள்ளே போகாமல் உடைந்து போயின. வேகம் கூடிப்போனதுதான் காரணம். அவர் வீட்டுக்குப் போய், நடுவில் செம்புச் சுவர் வைத்து முன்பாதி விரியவும் பின்பாதி முழுசாக நின்று தள்ளவும் ஒரு குண்டு செய்தார். 1948-இல் விற்பனைக்கு வந்த பார்டிஷன் அதுதான், இன்றும் விற்கிறது. இடம் சரியாக இருந்தும் குண்டு கைவிட்டதால் பிறந்த குண்டு.

கொப்பாங்வாசி எழுதியது:

நன்றி எல்லோருக்கும். அப்படியென்றால் என் இரண்டாவது கேள்வி: செம்பா, ஒட்டிய ஈயமா? எங்கள் நிலைகள் எல்லாம் கிட்டத்தில், 40 முதல் 80 மீட்டர். நாய் துரத்தி வரும்.

லில்லஹம்மர்_தர்ஷினி எழுதியது:

நான் காயப்பட்ட மிருகம் தேடும் நாய் வைத்திருக்கிறேன், எல்க், செம்மான் இரண்டுக்கும் அங்கீகாரம் பெற்றது. அழைப்பு வந்தால் போய்ப் பார்க்கிறவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

தம்பி, 40 மீட்டரில் சன்னம் கிட்டத்தட்ட குழலை விட்டு வந்த வேகத்திலேயே இருக்கும். சாதாரண ஈயச் சன்னத்துக்கு, அதாவது உள்ளே ஈயமும் மேலே மெல்லிய உறையும் மட்டும் உள்ளதற்கு, அது ஆபத்தான தூரம். தோள் மூட்டில் பட்டால் உறை ஒரு பக்கம், ஈயம் ஒரு பக்கம். ஈயத்தை உறையோடு உருக்கி ஒட்டிய ஓரிக்ஸ் போன்றவை அங்கே நிற்கும். நாங்கள் உரிக்கும்போது மற்றப் பக்கத் தோலுக்கடியில் காளானாக விரிந்து கிடப்பதைத் தோண்டி எடுத்து நிறுத்துப் பார்த்தால், எடையில் கொஞ்சம்தான் குறைந்திருக்கும். செம்பு அதைவிடவும் எடை காக்கும், இதழ் இதழாக விரிந்து அனேகமாக வெளியே போய்விடும். செம்பின் பலவீனம் மறுபக்கம்: வேகம் குறைந்தால் விரியாது. நெடுந்தூர வெடிக்கும் மெதுவான தோட்டாவுக்கும் பெட்டியில் எழுதியிருக்கிற குறைந்தபட்ச வேகத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். உங்கள் 80 மீட்டருக்கு .308-இல் அந்தக் கவலை இல்லை. செம்பு ஈயத்தைவிட இலேசு, ஒரே எடைக்கு நீளம் கூடும், ஆகவே ஒரு படி இலேசான சன்னமாக எடுங்கள், வேகமும் கூடும், விரிவும் நன்றாக வரும். எடை 9 கிராமுக்கும் 10 கிராமுக்கும் இடையில் வந்தால் சிவம் அண்ணை சொன்ன 2700 ஜூல் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"செம்பு கொல்லாது, எல்க் ஓடிவிடும்" என்று குழுவில் யாராவது சொன்னால், 2019-இல் நோர்வே ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீட்டைக் காட்டுங்கள். வடநாட்டு எல்க் வேட்டைத் தரவுதான் அது. வெடி பட்ட பின் ஓடிய தூரத்தில் இரண்டுக்கும் பொருட்படுத்தும் வேறுபாடு இல்லை.

எனக்கு முடிவைத் தந்தது இறைச்சி. ஈயம் உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயப் பாதையிலிருந்து தூரத்துக்குப் போகின்றன. நோர்வேயின் உணவுப் பாதுகாப்பு அறிவியல் குழு 2013-இல் மான் இன இறைச்சியில் உள்ள ஈயத்தைப் பற்றித் தனி மதிப்பீடே செய்தது. வேட்டை நாய்களையும் அதில் சேர்த்தார்கள், ஏனென்றால் காயத்தைச் சுற்றி வெட்டி எறிகிற இறைச்சியைத்தான் நாங்கள் நாய்க்குப் போடுகிறோம். சின்னப் பிள்ளையின் மூளைக்கு ஈயம் எவ்வளவு கெடுதல் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் குளிர்காலம் முழுக்க எல்க் கொத்துக்கறிதான், பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். நான் செம்புக்கு மாறிவிட்டேன். ஒட்டிய ஈயம் போடுகிறவர்கள் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறியுங்கள், அந்தத் துண்டை நாய்க்கும் போடாதீர்கள்.

அல்பேர்ட்டா_ராசன் எழுதியது:

தர்ஷினி அக்கா, நல்ல பதிவு. செம்பில் எனக்கு ஒரே குறை, முதல் காலத்துச் செம்புக் குண்டுகள் குழலில் அழுக்குப் பிடிப்பதும் சில துப்பாக்கியில் வெடிகள் ஒரே இடத்தில் கூட்டமாக விழாததும். 1989-இல் வந்த பார்ன்ஸ் எக்ஸ் அப்படித்தான். பள்ளம் வெட்டிய புதியவற்றில் அது தீர்ந்துவிட்டது.

நாய் அழைப்பில் போகும்போது வெடி பட்ட இடத்தில் என்ன பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். இங்கே பலருக்கு அது தெரியாது, நேரே பின்னால் ஓடுகிறார்கள்.

லில்லஹம்மர்_தர்ஷினி எழுதியது:

முதலில் யாரும் நடக்காத நிலம் வேண்டும். சுட்டவர் தான் நின்ற இடத்தையும் மிருகம் நின்ற இடத்தையும் ரிப்பன் கட்டி அடையாளம் செய்துவிட்டு ஒதுங்க வேண்டும். அதுதான் எனக்கும் நாய்க்கும் செய்யும் பெரிய உதவி.

பிறகு மயிர். சன்னம் நுழையும்போது மயிரை வெட்டிப் போடும். நெஞ்சின் நடுப்பகுதி மயிரும் வயிற்றடி மயிரும் நிறத்தில் வேறு, கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால் எந்த உயரத்தில் பட்டது என்று சொல்லலாம். எலும்புத் துண்டு கிடந்தால் தட்டையா, உருண்டையா, உள்ளே மச்சை இருக்கிறதா என்று பார்ப்பேன். உருண்டையாக, மச்சையோடு கிடந்தால் அது கால் எலும்பு, அன்றைய தேடல் நீளப் போகிறது. இரத்தம் இளஞ்சிவப்பாக, நுரையாக இருந்தால் சுவாசப்பை, மனசுக்கு நிம்மதி. கருஞ்சிவப்பாக, நுரையில்லாமல் என்றால் ஈரல். பச்சை கலந்து மணம் வந்தால் வயிறு. ஈரலும் வயிறும் என்றால் உடனே போகக் கூடாது. விட்டால் கிட்டத்தில் படுக்கும், படுத்த இடத்திலேயே சாகும். துரத்தினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். பக்கத்துக் காணிக்குள் போனால் அந்தக் காணிக்காரருக்கு அறிவிக்கவும் வேண்டும். மணிக்கணக்கில் பொறுத்துத்தான் நாயை விடுவேன்.

ஒரு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள். சுவாசப்பையில் மேலாகப் பட்டு, சன்னம் வெளியே வராமல் உள்ளே நின்றால் இரத்தம் நெஞ்சுக்குள்ளேயே நிரம்பும், தரையில் சொட்டும் விழாது. எல்க்கின் தடித்த மயிர் மிச்சத்தையும் உறிஞ்சிவிடும். "தவறிவிட்டது, இரத்தமே இல்லை" என்று சொல்லி அழைத்த இடங்களில் 70 மீட்டரில் செத்துக் கிடந்த காளைகளை என் நாய் கண்டிருக்கிறது. அதனால்தான் வெளியேறும் ஓட்டை எனக்கு முக்கியம். அது கீழ்ப்பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

கொப்பாங்வாசி எழுதியது:

அக்கா, இதை அச்செடுத்துக் குழுவுக்குக் கொடுக்கப் போகிறேன். கடைசியாக ஒன்று. நாய் துரத்தி வரும்போது எல்க் பக்கவாட்டில் நேராக நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சரிந்து நின்றால்?

நாமக்கல்_கால்நடை எழுதியது:

ஒரு உடற்கூறு குறிப்பு மட்டும். இரைப்பை இடது பக்கம். மூஸில் இலையும் தளிரும் ஈரமாக நிரம்பிப் பெரிதாக இருக்கும். விலங்கு உங்களுக்கு முதுகைக் காட்டிச் சரிந்து, இடது பக்கம் தெரிய நின்றால், குண்டு நெஞ்சுக்குப் போகும் முன் அந்த ஈரமான மூட்டையைக் கடக்க வேண்டும். அது குண்டின் வேகத்தை நன்றாகக் குடிக்கும். வலப்பக்கம் தெரிந்தால் தடை குறைவு, ஈரலும் அந்தப் பக்கம். ஒரே கோணம், ஆனால் இரண்டு பக்கமும் ஒன்றல்ல.

எல்வெரும்_சிவம் எழுதியது:

டாக்டர் சொன்னது இங்கே பல வேட்டைக்காரருக்கே தெரியாத விஷயம், நன்றி.

தம்பி, சரிந்து நிற்கிற மிருகத்தில் சன்னம் நுழைகிற இடத்தைப் பார்க்காதீர்கள். மற்றப் பக்க முன்னங்கால் எங்கே என்று பாருங்கள், சன்னம் அந்தத் தோளுக்குள் முடிய வேண்டும் என்று மனதில் கோடு இழுத்து, அந்தக் கோடு இந்தப் பக்கம் எங்கே வெட்டுகிறதோ அங்கே வையுங்கள். பின்பக்கம் சரிந்திருந்தால் அது கடைசி விலாக்கள் வரை பின்னே போகும். விலாவுக்கும் பின்னே போகிறது என்றால் சுடாதீர்கள், கோணம் கூடிவிட்டது. உங்களை நோக்கிச் சரிந்து நின்றால் தோள் மூட்டு வழியில் நிற்கிறது. ஒட்டிய சன்னமோ செம்போ அதை உடைத்துப் போகும், ஆனால் முதல் சீசனில் அதைச் செய்ய வேண்டாம். நேர் முன்னே நின்றால் நெஞ்சின் வாசல் ஒடுக்கம். தலை, கழுத்து வேண்டவே வேண்டாம். தாடை உடைந்த எல்க் பட்டினியில் சாக வாரக்கணக்கில் ஆகும்.

சிறு கிளைகளுக்கு நடுவே வைக்கலாமா என்றும் கேட்பீர்கள். எந்தக் கலிபரும் கிளையைத் தாண்டி நேராகப் போகாது. இன்னும் பெரிய 9.3×62 தோட்டாவுக்கும் அதே விதிதான், கடைப் பெருமையை நம்பாதீர்கள்.

நாய் குரைக்க எல்க் நின்றுவிடும், திரும்பித் திரும்பி நாயைப் பார்க்கும். அதுதான் உங்கள் நேரம். அது தானாகப் பக்கம் காட்டும், நீங்கள் பொறுத்தால் போதும். சுவாசப்பையில் பட்ட காளை பலமுறை ஒன்றும் நடக்காதது போல அப்படியே நிற்கும். "தவறிவிட்டதோ" என்று யோசிக்காமல் அதே இடத்தில் இன்னொரு வெடி வையுங்கள், அது விழும் வரை வையுங்கள். இங்கே அதை யாரும் குறையாக நினைப்பதில்லை, அப்படித்தான் கற்றுக்கொடுக்கிறோம். கன்றோடு பசு வந்தால் கன்று முதலில், பசுவை மட்டும் சுட்டுக் கன்றை அனாதையாக விடாதீர்கள்.

சன்னத்தை இப்போதே முடிவெடுத்து இரண்டு பெட்டி ஒரே தொகுதி எண்ணில் வாங்கிவிடுங்கள், ஆகஸ்டில் கடைகளில் தீர்ந்துவிடும். உங்களுக்கு நான் சொல்வது செம்பு, தர்ஷினி சொன்ன காரணத்துக்காகவே. தலைவரோடு நான் பேசுகிறேன். பயிற்சியின் 30 வெடியையும் அந்தப் பெட்டியிலிருந்தே வையுங்கள், பாதியை நின்றும் முழங்காலில் இருந்தும். நிலையில் உங்களுக்கு மேசை தரமாட்டார்கள். தர்ஷினி, உங்கள் நாய் இந்த வருடம் ஒஸ்தர்டாலன் பக்கம் வருமா? எங்கள் குழுவின் ஒப்பந்த நாய்க்கு வயதாகிவிட்டது.

லில்லஹம்மர்_தர்ஷினி எழுதியது:

அண்ணை, முதல் இரண்டு வாரம் எங்கள் நகராட்சிக்கு ஒப்புக்கொண்டுவிட்டேன். அதற்குப் பிறகு வரலாம், தனிச்செய்தி போடுங்கள். கொப்பாங் தம்பி, ரிப்பன் ஒரு சுருள் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆரஞ்சு வேண்டாம், செப்டம்பர் காட்டில் எல்லா இலையும் அந்த நிறம். நீலம் எடுங்கள்.